தண்ணீரில் இறங்கிய கார் எஞ்சின்

நீர்ச்சறுக்கு விளையாட்டை நீங்கள் திரைப்படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இரண்டு பலகைகளின் மேல் நின்றுகொண்டு, கையில் ஒரு கயிற்றைப் பற்றியபடி, ஏரியின் மேல் ஒருவர் விரைந்து வருவார். நம் கண் அவர்மீதே நிற்கும். அவரை இழுத்துச் செல்லும் படகை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் படகைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம். அதிலும், புத்தம் புதிய படகு அன்று. முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து, இன்று நடு ஏரியில் நின்று உரிமையாளரைத் தவிக்க வைக்கும் பழைய படகு.

பழைய படகுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது எங்கே பழுதாகிறதோ அங்கே அதன் வரலாறு வெளிப்படுகிறது. காரணம் எளியது. அதன் வயிற்றில் இருப்பது படகுக்கென்று பிறந்த எஞ்சின் அன்று. சாலைக்கென்று பிறந்த கார் எஞ்சின். அதைத் தண்ணீருக்குப் பழக்குவதற்காக எங்கெல்லாம் ஒட்டுப்போட்டார்களோ அங்கெல்லாம்தான் பெரும்பாலும் கோளாறு வருகிறது. இதை அறிந்தவர் பழுதை விரைவில் கண்டுபிடிப்பார். அறியாதவர், “இது கார் எஞ்சின்தானே” என்று கார்க் கடையில் உதிரிபாகம் வாங்கிப் பூட்டிவிடுவார். படகு நன்றாகவே ஓடும். ஆனால் அது அன்றுமுதல் மிதக்கும் வெடிகுண்டு. அது எப்படி என்பதைப் பின்னர் காண்போம்.

தொடங்குமுன் ஒரு சொல். தமிழில் இயந்திரத்தையும் ‘பொறி’ என்கிறோம்; தீயையும் ‘பொறி’ என்கிறோம். இந்தக் கட்டுரையில் இரண்டும் அருகருகே வருவதால், குழப்பம் நேராதிருக்க ‘எஞ்சின்’ என்றும் ‘தீப்பொறி’ என்றும் எழுதுகிறோம்.

பெப்பின் ஏரியில் ஓர் இளைஞர்

1922-ஆம் ஆண்டு, ஜூலை 2. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் லேக் சிட்டி என்னும் சிற்றூர். மிசிசிப்பி ஆறு அங்கே அகன்று விரிந்து பெப்பின் ஏரி என்று பெயர் பெறுகிறது. பனியின்மேல் சறுக்குவதுபோல நீரின்மேலும் சறுக்கலாமே என்று ரால்ப் சாமுவெல்சன் என்ற இளைஞருக்கு ஓர் எண்ணம். மறுநாள்தான் அவருக்கு 19 வயது நிறைகிறது. பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், மறுபடியும் மூழ்கினார். பிறகு 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட இரண்டு பைன் பலகைகளை எடுத்து, அவற்றின் நுனிகளைத் தம் தாயாரின் செம்பு அண்டாவில் கொதிக்கவைத்து மேல்நோக்கி வளைத்தார். பலகையின் முன்நுனி நீருக்கு மேல் தூக்கி நிற்க வேண்டும் என்பதுதான் இரகசியம். அன்று அவர் நின்றுவிட்டார். நீர்ச்சறுக்கு பிறந்தது.

நமக்கு வேண்டிய செய்தி வேறு. அவரை இழுத்தது அவருடைய சகோதரர் பென் ஓட்டிய படகு. அந்தப் படகில் இருந்தது, சாக்சன் என்ற டிரக்கிலிருந்து கழற்றி மாற்றியமைத்த எஞ்சின்! ஆக, நீர்ச்சறுக்கு பிறந்த நாளிலேயே சாலை வண்டியின் எஞ்சின் படகில் ஏறிவிட்டது எனலாம்.

இது தற்செயலும் அன்று. படகு எஞ்சின்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் விற்கும். கார் எஞ்சின்களோ இலட்சக்கணக்கில் வார்க்கப்பட்டன. பெருமளவில் செய்யும் பொருள் மலிவாகும் அல்லவா? டெட்ராய்ட் நகரத்துக் கிரே மரீன் நிறுவனம் பிறர் வார்த்த எஞ்சின் கட்டைகளை வாங்கி, படகுக்கு ஏற்ற பாகங்களைப் பூட்டி விற்றது. 1932-இல் போர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானிய மக்களின் காருக்குள் கொண்டுவந்தது. 1955-இல் செவர்லே நிறுவனத்தின் சிறிய வி-8 வந்தது. 1969-இல் 351 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 5.8 லிட்டர் கொள்ளளவுள்ள போர்டு எஞ்சின் வந்தது. இந்தக் கடைசி எஞ்சின்தான் 240 குதிரைத்திறன் அளவில் படகுக்கு மாற்றப்பட்டு, எண்பதுகளின் சறுக்குப் படகுகள் பலவற்றை ஓட்டியது.

படகின் உடலும் இதற்குள் மாறியிருந்தது. புளோரிடாவில் 1925-இல் தொடங்கப்பட்ட கரெக்ட் கிராப்ட் என்ற படகுக் கம்பெனி, மயாமியில் சறுக்குப் பள்ளி நடத்திய லியோ பென்ட்ஸ் என்பவர் வடிவமைத்த கண்ணாடி இழைப் படகை 1961-இல் வாங்கி, ‘ஸ்கி நாட்டிக்’ என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. 1968-இல் டென்னசி மாநிலத்தில் ராப் ஷர்லி என்பவர் ஒரு குதிரைக் கொட்டடியில் மாஸ்டர் கிராப்ட் படகைத் தொடங்கினார். இவ்வகைப் படகுகளில் எஞ்சின் நடுவில் அமர்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு சாய்வாகக் கீழே போகும். அதன் நுனியில் புரொப்பெல்லர். அதற்குப் பின்னால் சுக்கான். எடை நடுவில் இருப்பதால் படகு பின்புறம் தாழ்வதில்லை. அலை சிறிதாகவே எழுகிறது. சறுக்குபவருக்கு வேண்டியது அதுதான். சுழலும் இறகும் படகின் அடியில் மறைந்திருப்பதால் நீரில் விழுந்தவருக்கு ஆபத்து குறைவு.

ரேடியேட்டர் போன கதை

காரின் முகப்பில் ரேடியேட்டர் இருப்பதை அறிவீர்கள். காற்று வீசி அதிலுள்ள நீரைக் குளிர்விக்கிறது. படகில் எஞ்சின் ஒரு பெட்டிக்குள் மூடிக் கிடக்கிறது, காற்று எங்கே? ஆனால் சுற்றிலும் ஓர் ஏரியே குளிர்ந்த நீராக இருக்கும்போது ரேடியேட்டர் எதற்கு? அதைத் தூக்கி எறிந்தார்கள். படகின் அடியில் ஒரு துளை. அதன் வழியே ஏரி நீரை ஒரு பம்பு இழுத்து, எஞ்சினுக்குள் செலுத்தி, மறுபுறம் வெளியே தள்ளும். நம் கிணற்று மேட்டில் ஓடிய பழைய ஆயில் எஞ்சின்களில், பம்பு இறைக்கும் நீரிலிருந்தே ஒரு சிறு குழாய் எடுத்து எஞ்சினைக் குளிர்வித்தார்களே, அதே தந்திரம்தான்.

தந்திரம் அழகானது, ஆனால் சறுக்குப் படகின் கோளாறுகளில் ஒரு பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது. அந்தப் பம்புக்குள் இருப்பது ரப்பரால் செய்த இம்பெல்லர். அதன் ரப்பர் இறகுகள் வளைந்து நிமிர்ந்து நீரைத் தள்ளுகின்றன. இரும்பு இம்பெல்லரைப் போலன்றி, வெறும் குழாயிலிருந்தும் இது நீரை உறிஞ்சி மேலேற்றும். மணல் வந்தாலும் விழுங்கிவிடும். ஆனால் இதற்கு எண்ணெய் கிடையாது. ஓடும் நீரே எண்ணெய். படகைக் கரையில் வண்டியின்மேல் வைத்துக்கொண்டு “ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்” என்று நீரின்றி ஓட்டினால், ஒரு நிமிடத்திற்குள் இறகுகள் கருகத் தொடங்கும். ஓடாமல் கிடந்தாலும் தப்பில்லை: மாதக்கணக்கில் வளைந்தபடியே இருந்த இறகு பிறகு நிமிர மறுக்கிறது.

எனவே பழைய படகில் வெப்பமானியின் முள் ஏறினால் எஞ்சினைப் பிரிக்க ஓடாதீர்கள். முதலில் படகின் பின்புறம் புகைக்குழாயைப் பாருங்கள். நீர் தாராளமாக வெளியே கொட்டுகிறதா? கொட்டினால் தெர்மோஸ்டாட்டையோ, வெப்பமானியையோ, எஞ்சினுக்குள் சேர்ந்த துருவையோ ஐயுறலாம். கொட்டவில்லையென்றால் கீழிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும்: அடித்துளையில் பாசி அடைத்திருக்கிறதா, உறிஞ்சும் ரப்பர் குழாய் நைந்து உள்ளே ஒட்டிக்கொள்கிறதா, ஏதேனும் இணைப்பில் காற்று புகுகிறதா, இம்பெல்லர் முழுதாக இருக்கிறதா என்று. இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு இறகுகள் இல்லை. புதியது போட்டாகிவிட்டது. ஆனாலும் சூடு குறையவில்லை! உடைந்த அந்த இரண்டு துண்டுகளும் எங்கே போயின? நீரோடு பயணம் செய்து, வழியில் உள்ள கியர்ப்பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கும் நுண்குழாய்களின் வாயில் போய் அமர்ந்திருக்கும். உடைந்த இறகுகளை எண்ணி, அத்தனை துண்டுகளையும் கண்டெடுத்த பிறகே வேலை முடிந்ததாகும்.

எஞ்சினைக் குளிர்வித்த நீர் நேரே ஏரிக்குத் திரும்புவதில்லை. அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் புகை பல நூறு டிகிரி சூடு கொண்டது. காரில் அது இரும்புக் குழாயில் காரின் அடியே போகும். படகில் அது கண்ணாடி இழை உடலின் ஊடே போக வேண்டும். ஆகவே இரட்டைச் சுவருள்ள வார்ப்பிரும்பு மானிபோல்டு செய்து, சுவர்களுக்கிடையே நீர் ஓடவிட்டு, இறுதியில் நீரையும் புகையையும் ஒன்றாகக் கலந்து ரப்பர்க் குழாய் வழியே வெளியேற்றினார்கள். நீர் நின்றால் அந்த ரப்பர் எரியும். அதைவிடக் கொடியது உள்சுவர் துருப்பிடித்துத் துளையாவது. அப்போது நீர் பின்னோக்கிக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்குகிறது. ஸ்டார்ட்டர் ஒருமுறை ‘டக்’ என்று தட்டி நின்றுவிடுகிறது. பேட்டரி பலம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பேட்டரியைச் சேர்த்து முறுக்குவார்கள். காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். இப்படித் தட்டி நிற்கும் எஞ்சினில் முதல் வேலை எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுவது. கழற்றிவிட்டுச் சுழற்றினால் நீர் பீறிட்டு வெளியேறும். அளவுகோலில் தொட்டுப் பார்க்கும் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தால் நீர் அதற்குள்ளும் போய்விட்டது என்று பொருள்.

வெடிகுண்டு எப்படி உண்டாகிறது?

இப்போது முதலில் சொன்ன உதிரிபாக விஷயத்திற்கு வருவோம். படகுக் கார்புரேட்டரையும் கார் கார்புரேட்டரையும் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். படகினுடையது விலை அதிகம். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பெட்ரோல் பம்பும் அப்படியே. உரிமையாளருக்கு, “பெயரை ஒட்டிவிட்டுக் கொள்ளையடிக்கிறார்கள்” என்றே தோன்றும். அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஏனெனில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. காரில் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் சொட்டும் பெட்ரோல் சாலையில் விழும். ஆவியைக் காற்று அடித்துச் செல்லும். காரின் அடி திறந்தது. படகின் அடியோ மூடிய தொட்டி. தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று கட்டிய அதே தொட்டி, பெட்ரோல் ஆவியை வெளியே விடாமலும் வைத்துக்கொள்கிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு முதல் ஏழு பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு சிறு தீப்பொறி போதும். தீப்பொறிக்கும் பஞ்சமில்லை. கார் ஸ்டார்ட்டரின் உள்ளே கார்பன் பிரஷ்கள் உரசும்போதெல்லாம் தீப்பொறி பறக்கிறது. அதன் உறையில் உள்ள துளைகள் திறந்தே கிடக்கின்றன.

இதற்காகவே படகுக்குரிய ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றை உள்ளே பற்றும் தீ வெளியே தாவாதபடி அடைத்தும் வலையிட்டும் செய்கிறார்கள். படகுக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவுக்கு மீறினால் வெளியே வழியாது. தன் தொண்டைக்குள்ளேயே வழிந்து எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் மூச்சுத் திணறும். ஆனால் படகு பிழைக்கும். படகுப் பெட்ரோல் பம்பில் இரண்டு சவ்வுகள். உள்சவ்வு கிழிந்தால் கசியும் பெட்ரோல் ஒரு கண்ணாடிபோன்ற சிறு குழாயில் ஏறிக் கார்புரேட்டருக்குப் போகும். அந்தக் குழாயில் ஒரு துளி பெட்ரோலைக் கண்டாலே பம்பை மாற்ற வேண்டும்.

கார்புரேட்டரின் தலையில் உள்ள மடிப்பு மடிப்பான உலோக மூடி பலருக்கும் காற்று வடிகட்டியாகவே தெரிகிறது. அது தீத்தடுப்பான். எஞ்சின் சில சமயம் பின்னோக்கி ‘டப்’ என்று வெடித்துத் தீ நாக்கை மேலே நீட்டும். நெருக்கமான உலோகத் தகடுகளினூடே வரும்போது அந்தத் தீ தன் சூட்டை இழந்து அணைந்துவிடுகிறது. சுரங்கத் தொழிலாளருக்காக 1815-இல் ஹம்ப்ரி டேவி செய்த காப்பு விளக்கில் கம்பி வலைக்கு இருந்த வேலையும் இதுவே. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மோட்டார் படகுச் சட்டம் உள்ளெஞ்சின் பெட்ரோல் படகுகளுக்கு இந்தத் தடுப்பானைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 25-க்குப் பின் பொருத்தப்பட்ட எஞ்சினுக்கெல்லாம் அது பொருந்தும். 1971-இல் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எழுபதுகளின் இறுதியில் மின்சாதனங்களுக்கும் எரிபொருள் குழாய்களுக்கும் விதிகள் வந்தன. 1980 ஆகஸ்டு முதல் கட்டிய படகுகளுக்குக் காற்றோட்ட விதியும் சேர்ந்தது. ஸ்டார்ட் செய்யுமுன் 4 நிமிடம் விசிறியை ஓட்டு, ஆவி இருக்கிறதா என்று பார் என்ற எச்சரிக்கைப் பலகை அதன்பின் வந்ததே. அதற்கு முந்திய படகு உங்களிடம் இருந்தால் விசிறி இல்லாமலே இருக்கலாம். அங்கே மூக்குதான் கருவி. எஞ்சின் பெட்டியைத் திறந்து குனிந்து முகர்ந்து பார்க்காமல் சாவியைத் திருப்பக்கூடாது.

பாதுகாப்புக்கென்று வைத்த பாகமே கோளாறுக்குக் காரணமாவதும் உண்டு. பெட்ரோல் தொட்டியின் வாயில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. குழாய் அறுந்தால் தொட்டியிலுள்ள பெட்ரோல் முழுவதும் தானாக உறிஞ்சப்பட்டுப் படகின் அடியில் கொட்டிவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் உள்ளே இருக்கும் குண்டு அழுக்கில் ஒட்டிக்கொண்டு சரியாகத் திறப்பதில்லை. துறையில் நிற்கும்போது எஞ்சின் இனிமையாக ஓடும். சறுக்குபவரை இழுத்துக்கொண்டு விரைந்தால் ஒரு நிமிடத்தில் தள்ளாடும். தேடித் தேடி வால்வைக் கண்டுபிடித்தவர், குற்றவாளி அகப்பட்டான் என்று அதைக் கழற்றி வீசிவிட்டு வெறும் குழாயை மாட்டுவார். கோளாறு தீர்ந்தது உண்மை. காவலையும் வீசிவிட்டார் என்பதும் உண்மை. புது வால்வின் விலை அற்பம்.

துறையில் நன்றாக ஓடிய எஞ்சின் ஏரியில் ஏன் தள்ளாடுகிறது? சமதரைச் சாலையில் ஒரு கார் தன் எஞ்சின் ஆற்றலில் சிறு பகுதியையே செலவிடும். படகோ எப்போதும் மலையேறும் வண்டி. புரொப்பெல்லர் கேட்கும் ஆற்றல் அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு! போட்டிச் சறுக்கில் மணிக்கு 58 கிலோமீட்டர் வரை சீராக இழுக்க வேண்டும். அதனால் அடைபட்ட வடிகட்டியும், மூடிய தொட்டித் துளையும், தேய்ந்த பாயிண்டும் பாரம் ஏறினால்தான் தங்களைக் காட்டிக்கொள்கின்றன. கரையில் நின்று எஞ்சினைக் கேட்டு நோய் சொல்பவரை நம்பாதீர்கள். அண்மைக் காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: பழைய ரப்பர்க் குழாய்களின் உட்புறம் உரிந்து துகள்களாக வந்து கார்புரேட்டரை அடைக்கிறது.

இனி அடியைத் துளைத்துச் செல்லும் தண்டு. படகில் துளை போட்டால் நீர் வராதா? வரும், வர வேண்டும். நீராவிக் கப்பல்கள் புரொப்பெல்லருக்கு மாறிய காலத்திலிருந்தே இது பொறியாளர்களைப் படுத்திய கேள்வி. 1850-களில் ஜான் பென் என்ற ஆங்கிலேயர், உலோகத் தாங்கி நீரில் தேய்ந்து போவதைக் கண்டு, லிக்னம் வைட்டே என்னும் கடின மரத்தைத் தாங்கியாக வைத்து வெற்றி கண்டார். பின்னர் அந்த இடத்தை ரப்பர் பிடித்தது; அதற்கும் நீரே எண்ணெய். தண்டு உள்ளே நுழையும் இடத்தில் கிளாண்டும் அதில் மசகிட்ட கயிறும் இருக்கும். பம்புசெட்டு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்டு சுழலும்போது நிமிடத்திற்குச் சில துளிகள் சொட்ட வேண்டும். ஒரு துளியும் வராதபடி முறுக்கினால் கயிறு கருகித் தண்டைத் தின்றுவிடும்.

படகு அதிர்ந்தால் முதலில் புரொப்பெல்லரின் விளிம்பைப் பாருங்கள். அது நேராக இருந்தால் எஞ்சினும் தண்டும் சேரும் கப்ளிங்கைப் பாருங்கள். இரு முகங்களுக்கும் இடையே எந்தப் பக்கம் அளந்தாலும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் வேறுபடக்கூடாது. படகு நீரில் மிதக்கும்போதே அளக்க வேண்டும். வண்டியின்மேல் வைத்தால் உடல் வளைந்து கணக்குப் பொய்க்கும். சரிசெய்த கப்ளிங் ஒரே மாதத்தில் மறுபடியும் விலகினால் செய்தி துயரமானது. எஞ்சினைத் தாங்கும் நீளவிட்டங்கள் அக்காலத்தில் கண்ணாடி இழை போர்த்திய மரம். திருகாணித் துளை வழியே நீர் இறங்கி மரம் உள்ளுக்குள் உளுத்துவிடும். திருகாணி பிடிப்பற்றுச் சுழலும். பெரிய கம்பெனிகள் மரத்தைக் கைவிட்டது 1990-களில்தான்.

எஞ்சினையே மாற்ற நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இரட்டை எஞ்சின் படகுகளுக்காக எதிர்ப்புறம் சுழலும் எஞ்சின்களையும் செய்தார்கள். ஒற்றை எஞ்சின் சறுக்குப் படகுகள் சிலவற்றிலும் அவை உண்டு. அவற்றில் ஸ்டார்ட்டரும் சிலிண்டர்கள் எரியும் வரிசையும் வேறு.

சாமுவெல்சனின் மின்னசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரிகளே உறைந்துவிடும். ரேடியேட்டர் உள்ள காரில் உறையாத் திரவம் ஊற்றலாம். ஏரி நீரைக் குடித்து வாழும் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது. வார்ப்பிரும்பு விரிசல் விடுகிறது. ஆகவே இலையுதிர் காலத்தில் எஞ்சின் கட்டையின் இருபுறமும் மானிபோல்டுகளின் அடியிலும் உள்ள வடிகால் திருகுகளைக் கழற்றுவார்கள். கழற்றியும் நீர் வரவில்லையென்றால் உள்ளே நீர் இல்லை என்று பொருளன்று. துருவும் சேறும் வாயை அடைத்திருக்கின்றன. ஒரு கம்பியை விட்டுக் குத்த வேண்டும். பழுப்பு நிறத்தில் முதலில் கொஞ்சம் வடியும்; பிறகு சடசடவென்று கொட்டும்.